“எங்க வீட்டுல சாப்பிட மாட்டோமுங்க!” - பண்டிகை நாளில் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுப்பது?

சித்திரையில் அவிநாசித் தேர் நகரத் தொடங்கிவிட்டால், ரத வீதியில் எந்த வீட்டுப் பிள்ளையும் வீட்டுக்குள் இருக்காது. தமிழகத்தின் பெரிய தேர்களில் ஒன்று அது. அது போனால் ஆடி 18-க்குத் தூரி கட்டி ஆடுவார்கள். அப்புறம் தீபாவளி. தை பிறப்பதற்கு முன்னால் ஆவாரம்பூவும் வேப்பிலையும் பூளைப்பூவும் வைத்துக் காப்புக் கட்டு, பிறகு பட்டிப் பொங்கல், அதையடுத்து பெண் பிள்ளைகள் கூடிப் பூப்பறிக்கப் போகும் நாள். கொங்கு வட்டாரத்தில் பண்டிகைக்கு ‘நோம்பி’ என்று பெயர். வருஷம் முழுக்க நோம்பி வந்துகொண்டே இருக்கும் ஊர் இது.

அந்த ஊரில் வளரும் கிறிஸ்தவப் பிள்ளைக்கும் ஒவ்வொரு நோம்பிக்கும் கேள்விகள் வரும். “பக்கத்து வீட்டுல சுண்டல் குடுத்தா வாங்கலாமா?”, “கோலப் போட்டியில சேரலாமா?”, “தேர் பார்க்கப் போலாமா?”

பல வீடுகளில் இதற்குக் கிடைக்கும் பதில், “அதெல்லாம் நமக்கு வேண்டாம்” என்பது மட்டும்தான். காரணம் தெரியாமல் இந்தப் பதிலைச் சுமக்கும் பிள்ளை, அடுத்த நாள் வகுப்பில் அதைத் தன் பாணியில் சொல்லிவிடுகிறது. “உங்க சாமி பொய்யி!” உடனே எதிர் பெஞ்சிலிருந்து பதில் வருகிறது. கிண்டல் தள்ளுமுள்ளாகிறது. நேற்றுவரை ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்ட இரண்டு பேர் இன்றைக்குப் பேசிக்கொள்வதில்லை.

பண்டிகையில் எதில் கலந்துகொள்வது, எதை விடுவது என்பது ஒரு பாடம். கோபத்தை எப்படிக் கையாள்வது என்பது இன்னொரு பாடம். ஞாயிறு பள்ளியிலும் மறைக்கல்வி வகுப்பிலும் இரண்டையும் தனித்தனியாகத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். பிள்ளையின் வாழ்க்கையிலோ இரண்டும் ஒரே நாளில், ஒரே தெருவில் வந்து நிற்கின்றன.

400 வருஷத்துக் கேள்வி

இந்தக் கேள்வி இன்றைக்கு முளைத்ததல்ல. 1606-ல் மதுரைக்கு வந்த இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் டி நொபிலி, காவி உடுத்தி, சைவ உணவு உண்டு, தமிழும் சமஸ்கிருதமும் கற்றார். தன்னிடம் ஞானஸ்நானம் பெற்றவர்கள் குடுமி, பூணூல், சந்தனம் போன்ற வழக்கங்களை விடத் தேவையில்லை, அவை சமூக அடையாளங்கள்தான் என்று வாதிட்டார். கூட இருந்த பாதிரியார்களே எதிர்த்தார்கள். 1623-ல் போப் 15-ம் கிரகோரி, நொபிலியின் வழிக்கு அனுமதி கொடுத்தார். அதோடு முடியவில்லை. புதுச்சேரிக்கு வந்த போப்பின் தூதர் டூர்னோன் 1704-ல் பல வழக்கங்களுக்குத் தடை போட்டார். 1744-ல் போப் 14-ம் பெனடிக்ட் தடைகளை உறுதிசெய்தார். இரண்டு நூற்றாண்டு கழித்து, 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், மற்ற சமயங்களில் உள்ள உண்மையும் புனிதமுமானவற்றைத் திருச்சபை புறந்தள்ளவில்லை என்று அறிவித்தது.

இன்றைக்கு அவிநாசிக்கும் கோவைக்கும் நடுவில் இருக்கும் கருமத்தம்பட்டி ஜெபமாலை அன்னை ஆலயத்தில், அக்டோபர் திருவிழாவுக்குத் தேர் ஓடுகிறது. 17-ம் நூற்றாண்டிலேயே மதுரை மிஷன் பாதிரியார்கள் வந்து சேர்ந்த இடம் அது. பல கத்தோலிக்க ஆலய வளாகங்களில் தை மாதம் பொங்கல் பொங்குகிறது. சி.எஸ்.ஐ. சபைகளில் விளைந்ததைக் கொண்டுவந்து படைக்கும் அறுப்பின் பண்டிகை உண்டு. பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றில் இவை எதுவும் இல்லை. ஒரே தெருவில் இருக்கும் மூன்று கிறிஸ்தவ வீடுகள் ஒரே கேள்விக்கு மூன்று பதில் சொல்லலாம்.

ஆகவே, “கிறிஸ்தவர்கள் யாருமே அப்படிச் செய்ய மாட்டார்கள்” என்று பிள்ளையிடம் சொல்வது உண்மையாக இருக்காது. “நம் வீட்டில் இப்படி முடிவெடுத்திருக்கிறோம். காரணம் இது” என்று சொல்வதுதான் சரி. அப்படிச் சொல்லும்போது, வேறு முடிவெடுத்த வீட்டைக் குறைசொல்ல வேண்டிய தேவையும் இருக்காது.

தட்டைத் தள்ளிவிடாத தானியேல்

‘வேண்டாம்’ என்று சொல்லப் பழக்க நினைக்கும் பெற்றோருக்கு பைபிளில் கைகொடுக்கும் கதை, தானியேலின் கதை. சிங்கக் குகைக்கு முன்னால் நடந்தது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன இளைஞன் அவன். அரசன் வீட்டு உணவைச் சாப்பிட அவன் மனம் ஒப்பவில்லை. ஆனால் தட்டைத் தள்ளிவிடவில்லை, பரிமாறியவரைத் திட்டவுமில்லை. அதிகாரியிடம் போய்ப் பணிவாகக் கேட்டான். “நீ மெலிந்துபோனால் ராஜா என் தலையை எடுப்பாரே” என்று அவர் பயந்தார். அந்தப் பயத்தையும் தானியேல் மதித்தான். பத்து நாள் காய்கறியும் தண்ணீரும் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள் என்று மேற்பார்வையாளரிடம் வழி சொன்னான்.

தன் முடிவில் உறுதி, எதிரில் இருப்பவரின் சங்கடத்தில் அக்கறை. இதையே அவிநாசித் தெருவுக்குக் கொண்டுவந்தால் இப்படித்தான் இருக்கும்: “கோவிச்சுக்காதீங்க அத்தை, சாமிக்குப் படைச்சது எங்க வீட்டுல சாப்பிட மாட்டோமுங்க. முறுக்கு இருந்தாக் குடுங்க!” இப்படிச் சிரித்துக்கொண்டே சொன்னால் எந்த அத்தையும் முகம் சுளிக்கப்போவதில்லை. ஆனால் இந்த ஒரு வாக்கியம் பிள்ளைக்குத் தானாக வராது. வீட்டில் இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்க்க வைக்க வேண்டும்.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு நாகமானின் கதை உதவும். சீரியப் படைத்தலைவன். எலிசா தீர்க்கதரிசி நேரில் வராமல், யோர்தானில் ஏழு தரம் முழுகு என்று சொல்லி அனுப்பியதும் கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டான். வேலைக்காரர்கள் தன்மையாகப் பேசித்தான் அந்தக் கோபத்தைத் தணித்தார்கள். குணமான பிறகு அவனுக்கு ஒரு கவலை. என் ராஜா ரிம்மோன் கோயிலில் கும்பிடும்போது என் கையில் சாய்ந்துகொள்வார், நானும் குனிய வேண்டியிருக்குமே என்று கேட்டான். எலிசா அவனைக் கண்டிக்கவில்லை, சமாதானத்தோடே போ என்றுதான் அனுப்பினார். எல்லாக் கேள்விக்கும் ஒரு வரிப் பதில் கிடையாது என்பதை பதின்வயதுப் பிள்ளைகள் இந்தக் கதையிலிருந்து புரிந்துகொள்வார்கள்.

உணவு விஷயத்தில் பவுல் கொரிந்து சபைக்கு எழுதியதும் இதே தொனிதான். விருந்துக்கு அழைத்தால் துருவித் துருவிக் கேட்காமல் சாப்பிடலாம். இது படைக்கப்பட்டது என்று ஒருவர் சொன்னால், அவருடைய மனசாட்சிக்காக விட்டுவிடலாம் என்கிறார். என்ன சாப்பிடுகிறோம் என்பதோடு, யாருடைய மனம் புண்படும் என்பதையும் அவர் பார்க்கிறார்.

கதை கேட்பது தப்பா?

அவிநாசிக்கு என்று ஒரு பழங்கதை இருக்கிறது. திருப்புக்கொளியூர் என்பது இதன் பழைய பெயர். சுந்தரர் இந்த ஊருக்கு வந்தபோது எதிரெதிரே இரண்டு வீடுகள். ஒன்றில் சிறுவனுக்குப் பூணூல் கல்யாணம், மேளச் சத்தம். எதிர் வீட்டில் அழுகை. மூன்று வருஷத்துக்கு முன்னால் சேர்ந்து குளிக்கப் போன இரண்டு பிள்ளைகளில், ஒரு பிள்ளையை முதலை விழுங்கிவிட்டது. சுந்தரர் பதிகம் பாட, அந்தப் பிள்ளை மீண்டு வந்தான் என்பது தல வரலாறு.

பள்ளியில் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு வரும் கிறிஸ்தவப் பிள்ளையிடம், “அதையெல்லாம் கேட்காதே” என்று வாயை அடைப்பது ஒரு வழி. “ஒரு வீட்டில் கொண்டாட்டம், எதிர் வீட்டில் துக்கம். சுந்தரர் எந்த வீட்டுக்காக உருகினார், பார்த்தாயா?” என்று கேட்பது இன்னொரு வழி. கதையை அறிவது வேறு, வழிபடுவது வேறு. இந்த வித்தியாசம் பிள்ளைக்கும் புரியும்.

கோவை மண்ணிலேயே இதற்கு ஒரு முன்னோடி உண்டு. 1950-ல் சி.எஸ்.ஐ. கோயம்புத்தூர் திருமண்டலத்தின் பேராயரான ஏ.ஜே.அப்பாசாமி. அவருடைய தந்தை சைவ சமயத்திலிருந்து கிறிஸ்தவத்துக்கு வந்தவர். தமிழ் பக்தி மரபை ஆழமாகப் படித்த அப்பாசாமி, கிறிஸ்தவத்தையே ஒரு பக்தி மார்க்கமாக விளக்கி எழுதினார். இந்து பக்தி நூல்களிலிருந்து தேர்ந்தெடுத்த பகுதிகளை ‘டெம்பிள் பெல்ஸ்’ என்ற பெயரில் தொகுத்தும் வெளியிட்டார். அதனால் அவருடைய விசுவாசம் குறைந்துவிடவில்லை, பேராயராகத்தான் ஆனார்.

கடவுளுக்காகக் கோபப்படலாமா?

எவ்வளவு பக்குவமாகச் சொல்லிக்கொடுத்தாலும், கிண்டல் செய்தால் பிள்ளைக்குக் கோபம் வரத்தான் செய்யும். “இயேசுவைப் பத்திப் பேசினான், அதான் அடிச்சேன்” என்று வந்து நிற்கும் மகனைப் பார்த்துச் சில பெற்றோருக்கு உள்ளூரப் பெருமைகூட வரும். அங்கேதான் கவனம் வேண்டும்.

லூக்கா சுவிசேஷத்தில் இதே மாதிரி ஒரு சம்பவம் உண்டு. ஒரு சமாரியக் கிராமத்தார் இயேசுவை ஏற்றுக்கொள்ளவில்லை. சீடர்கள் யாக்கோபும் யோவானும் கொதித்துப்போய், வானத்திலிருந்து அக்கினியை இறக்கி இவர்களை அழிக்கட்டுமா என்று கேட்டார்கள். ‘இடிமுழக்க மக்கள்’ என்று இயேசுவே பெயர் வைத்த சகோதரர்கள். தனக்காகக் கோபப்பட்டார்களே என்று இயேசு மெச்சவில்லை, அதட்டினார். பிறகு வேறு கிராமத்துக்குப் போய்விட்டார்கள். தன் பெயரால் வந்த கோபத்தையே அவர் ஏற்கவில்லை என்பதைப் பிள்ளைக்குச் சொல்ல இதைவிட நேரான கதை வேண்டாம்.

அதற்காக, கோபமே பாவம் என்று பயமுறுத்தவும் வேண்டாம். இயேசுவும் கோபப்பட்டதாகச் சுவிசேஷம் சொல்கிறது. கோபம் வந்தாலும் பாவம் செய்யாதீர்கள், அதைச் சூரியன் மறைந்த பிறகும் வைத்திருக்காதீர்கள் என்பதுதான் எபேசியருக்குப் பவுல் சொன்ன அறிவுரை. வள்ளுவர் வெகுளாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். ஔவையின் ஆத்திசூடியில் இரண்டாவது பாடமே சினம் தணிவது பற்றித்தான். ஆகவே, வகுப்பில் தமிழய்யா சொல்வதும் ஞாயிறு பள்ளி டீச்சர் சொல்வதும் இந்த விஷயத்தில் ஒன்றுதான் என்று பிள்ளைக்குக் காட்டலாம்.

இன்னொன்றையும் பெற்றோர் மனதில் வைக்க வேண்டும். உணர்ச்சியை அடக்கி யோசிக்க உதவும் மூளையின் முன்பகுதி, 20-களின் நடுப்பகுதிவரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. எட்டு வயதுப் பிள்ளை சட்டென்று வெடிப்பது திமிர் அல்ல. பழக்கினால்தான் அடங்கும்.

வீட்டில் செய்யக்கூடியவை

* நோம்பிக்கு முன்பே பேசுங்கள். எதை வாங்கலாம், எதை மறுக்கலாம், எங்கே போகலாம் என்பதை ஒரு வாரம் முன்னாலேயே பிள்ளையோடு பேசி முடிவெடுங்கள். பக்கத்து வீட்டு வாசலில் வைத்து முறைத்துப் புரியவைக்காதீர்கள்.

* மறுத்தால், மாற்று கொடுங்கள். பூசைக்குப் போகாத பிள்ளை, தேர் பார்க்க வரும் கூட்டத்துக்கு வாசலில் நீர்மோர் ஊற்றலாம். நண்பனின் புதுச்சட்டையைப் பாராட்டலாம். விலகி இருப்பதற்கு முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

* பெரியவர்கள் வாயைக் கவனியுங்கள். அடுத்தவர் வழிபாட்டைப் பற்றி வீட்டுக்குள் கேலியாகப் பேசுவது, அடுத்த நாள் பிள்ளையின் வாயிலிருந்து வகுப்பில் வரும்.

* கோபத்தின் அறிகுறியைக் கண்டுபிடிக்கப் பழக்குங்கள். காது சூடாகிறதா, கை இறுகுகிறதா, தொண்டை அடைக்கிறதா? அந்த நேரம் ஒரு வார்த்தையும் பேசாமல் பத்துவரை எண்ணி, தண்ணீர் குடித்துவிட்டு, டீச்சரிடம் போய்ச் சொல்லலாம்.

* மாலை ஜெபத்துக்கு முன் சமாதானம். காணிக்கையைப் பீடத்தண்டையில் வைத்துவிட்டு, முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்பது மலைப்பிரசங்கத்தில் வரும் கட்டளை. குடும்ப ஜெபத்துக்கு உட்காரும் முன்னால் அண்ணன் தங்கை சண்டையோ, நண்பனோடு வந்த மனக்கசப்போ பேசி முடிக்கப்படட்டும். பிள்ளையைக் காரணமில்லாமல் திட்டியிருந்தால், அப்பாவும் அம்மாவும் மன்னிப்புக் கேட்கலாம்.

* தொடர் கிண்டலைத் தனியே சுமக்கவிடாதீர்கள். பொறுத்துப்போ என்று மட்டும் சொல்லி அனுப்பாமல், பள்ளிக்குப் போய் நிதானமாகப் பேசுங்கள். கோபப்படாமல் நியாயம் கேட்க முடியும் என்பதைப் பிள்ளை உங்களைப் பார்த்துத்தான் கற்கும்.

வெளியே நின்ற மூத்த மகன்

பண்டிகையும் கோபமும் ஒரே இடத்தில் சந்திக்கும் கதை ஒன்று இயேசு சொன்ன உவமைகளிலேயே உண்டு. ஊதாரி மகன் திரும்பி வந்ததும் வீட்டில் விருந்து. ஆட்டபாட்டச் சத்தம் கேட்டு வயலிலிருந்து வந்த மூத்த மகன், கோபத்தில் உள்ளே வர மறுத்து வெளியே நின்றுவிட்டான். அவன் ஒழுக்கமானவன், சொன்ன பேச்சைத் தட்டாதவன். அவன் மனதில் இருந்தது, தான் ஒழுங்காக இருந்தும் தனக்கு ஒன்றும் கிடைக்கவில்லையே என்ற பொருமல். அப்பா வேலைக்காரனை அனுப்பி அதட்டவில்லை. தானே வெளியே வந்து கெஞ்சினார்.

‘வேண்டாம்’ என்று சொல்லிவிட்டு ஜன்னல் வழியே பட்டாசு வெளிச்சம் பார்க்கும் பிள்ளையின் மனதிலும் இப்படி ஒரு பொருமல் இருக்கலாம். அந்தச் சாயங்காலம் அப்பா செல்போனை வைத்துவிட்டு, பக்கத்தில் வந்து உட்கார வேண்டும். “கஷ்டமா இருக்குதா சாமி?” என்று கேட்க வேண்டும்.

டிசம்பர் வந்தால் முறை மாறும். கிறிஸ்துமஸ் கேக்கை எடுத்துக்கொண்டு பிள்ளை பக்கத்து வீட்டுக்குப் போகும். அங்கே மாமா சபரிமலைக்கு மாலை போட்டிருப்பார். “முட்டை போட்டிருக்குமே கண்ணு, மாலை போட்டிருக்கேன். ஆரஞ்சுப் பழம் இருந்தாக் கொண்டா” என்பார். பிள்ளை வருத்தப்படாமல் திரும்பி வந்து ஆரஞ்சு எடுத்துக்கொண்டு ஓடினால், இரண்டு பாடங்களையும் அது கற்றுக்கொண்டுவிட்டது என்று பெற்றோர் நிம்மதியாக இருக்கலாம்.