பதிவேடு எழுதுபவரின் கேள்வி

தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலில் 1550 வாக்கிலேயே ஒரு மருத்துவமனை நடந்தது. தமிழில் முதல் அச்சு நூல்களைக் கொண்டுவந்தவரும், அண்டிரிக் அடிகளார் என்று தமிழில் அறியப்படுபவருமான ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ் அதைத் தொடங்கினார். முத்துக்குளித்துறை மக்களின் காணிக்கையில் அது ஓடியது. அதைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் சேசு சபைப் பாதிரியார்களின் கடிதங்கள் வழியாகவே நமக்கு வந்திருக்கின்றன. படுக்கையோரம் கஞ்சி ஊட்டி விழித்திருந்தவர்கள் என்ன பார்த்தார்கள், எதைக் கவனித்தார்கள் என்பதை அவர்கள் வாயால் கேட்க வழியில்லை. நானூற்றெழுபது ஆண்டுகள் ஆகியும் இந்த ஏற்பாடு பெரிதாக மாறிவிடவில்லை. ரத்த அழுத்தம், குழந்தையின் எடை, தடுப்பூசித் தேதி என்று எல்லாவற்றையும் குறித்துவைப்பவர் நர்சம்மா. அந்த எண்களை வைத்துக் கேள்வி கேட்பவரும் கட்டுரை எழுதுபவரும் வேறு யாரோ. செவிலியர்களை ஆய்வுக்குள் கொண்டுவர வேண்டும் என்ற பேச்சே சற்றுப் பிழையானது என்பேன். அவர்கள் ஏற்கெனவே ஆய்வுக்குள்தான் இருக்கிறார்கள், கூலியாட்களாக. கேள்வியை வகுக்கும் உரிமைதான் இன்னும் அவர்களிடம் வந்து சேரவில்லை.

இதனால் யாருக்கு நட்டம் என்று கேட்டால், நோயாளிக்குத்தான். 1956இல் இங்கிலாந்தின் ரோச்ஃபோர்டு மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகளைப் பார்த்துவந்த சிஸ்டர் வார்டு என்ற செவிலியர், மஞ்சள் காமாலை கண்ட குழந்தைகளை வெயிலில் காட்டிவிட்டுக் கொண்டுவருவார். வெயில் பட்ட தோலில் மஞ்சள் மங்கியிருப்பதையும் துணி மூடியிருந்த இடம் மட்டும் அப்படியே இருப்பதையும் கவனித்து மருத்துவர்களிடம் காட்டினார். அதிலிருந்து பிறந்ததுதான் இன்று நம் ஊர் அரசு மருத்துவமனைகளிலும் நீல விளக்கின் கீழ் பச்சிளங்குழந்தையைப் படுக்கவைக்கும் சிகிச்சை. அதைப் பற்றி 1958இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த கட்டுரையின் ஆசிரியர்கள் மூவர். வார்டு அவர்களில் ஒருவர் இல்லை. இதை வெறும் மரியாதைக் குறைவு என்று ஒதுக்கிவிட முடியாது. அன்று அவர் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்க ஒரு மருத்துவர் இருந்தார் என்பது தற்செயல். ஒரு நல்ல கவனிப்பு தற்செயலை நம்பி நிற்கிற அமைப்பில், கேட்கப்படாமலே போன கவனிப்புகள் எத்தனை இருந்திருக்கும்!

அந்தக் கவனிப்பின் மதிப்புக்கு நம் மாநிலத்திலேயே பெரிய சான்று உண்டு. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தது. ஒரு பகுதியினருக்கு நல்ல சாப்பாட்டோடும் ஓய்வோடும் சானடோரியத்தில் சிகிச்சை, மறு பகுதியினருக்கு நெருக்கடியான குடிசை வீட்டிலேயே. ஓராண்டு முடிவில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடில்லை என்று 1959இலும், வீட்டாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவில்லை என்று அடுத்த ஆண்டிலும் வெளியானபோது, சானடோரியத்தை நம்பியிருந்த உலகம் தன் வழியை மாற்றிக்கொள்ள நேர்ந்தது. வீடு வீடாகப் போய், முன்னறிவிப்பின்றி மாத்திரைகளை எண்ணி, சிறுநீரைச் சோதித்து, மருந்து உண்மையிலேயே உள்ளே போனதா என்று பார்த்த களப்பணியாளர்கள் இல்லாமல் அந்த முடிவுக்கு மதிப்பே இருந்திருக்காது. 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டமும் இதே வழியில்தான் போகிறது. எடை, கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ஆக்ஸிஜன் அளவு, துணையின்றி எழுந்து நிற்க முடிகிறதா என்பவற்றை முன்களப் பணியாளரே பார்த்து, ஆபத்தில் இருப்பவரை உடனே மருத்துவமனையில் சேர்க்க வழிசெய்கிறார். பெரிய எந்திரம் எதுவும் தேவைப்படாத இந்த அளவீடுகள் செவிலியரின் அன்றாட வேலை.

செவிலியரே ஆய்வு செய்யட்டும் என்றால் வரும் முதல் மறுப்பு, நேரம் எங்கே என்பது. ஒரு நைட் டூட்டியில் வார்டு முழுவதையும் ஒருவரோ இருவரோ பார்க்கிற இடத்தில் இது நியாயமான கேள்வி, மழுப்பிவிடக் கூடாது. ஆனால் அந்தப் பற்றாக்குறை உயிரைக் குடிக்கிறது என்று நிறுவியதே ஒரு செவிலியரின் ஆய்வுதான். லிண்டா ஐக்கென் குழு 2002இல் பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை நோயாளிகளைப் பார்த்து, ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போதெல்லாம் முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுவதைக் காட்டியது. ‘ஆள் போதவில்லை’ என்ற புலம்பலை எந்த அதிகாரியும் மேசையிலிருந்து தள்ளிவிடலாம், இந்த எண்ணைத் தள்ள முடியாது. ஆகவே ஆய்வுக்கான நேரம் டூட்டிப் பட்டியலிலேயே எழுதப்பட வேண்டும். வேலை முடிந்த பிறகு செய்துகொள்ளட்டும் என்றால், அதற்கு ஊக்குவிப்பு என்று பெயர் வைக்காமலிருப்பது நல்லது.

அடுத்த மறுப்பு தரம் பற்றியது. செவிலியர் கல்லூரிகளில் ஆய்வுப் பாடம் இருக்கிறதே, என்ன விளைந்தது என்பார்கள். ஓரளவு உண்மைதான். முன்தேர்வு வைத்து, வகுப்பெடுத்து, பின்தேர்வு வைத்து, அறிவு கூடியது என்று முடியும் பட்டப்படிப்பு ஆய்வேடுகள் அலமாரிகளில் நிறையவே உண்டு. (வகுப்பெடுத்த பிறகும் கூடவில்லை என்றால்தான் அது செய்தி.) இது செவிலியரின் திறமைக் குறைவு அன்று. பட்டத்துக்காக இரவல் வாங்கிய கேள்வி அப்படித்தான் முடியும். வார்டிலிருந்தோ கடற்கரையிலிருந்தோ எழும் கேள்விக்கு, மருத்துவக் கல்லூரியின் புள்ளியியல் ஆசிரியர் ஒருவரும் நெறிமுறைக் குழுவும் துணைநின்றால் கதை வேறு.

அந்தக் கேள்விகள் முத்துக்குளித்துறைக் கரையில் கொட்டிக்கிடக்கின்றன. ரத்த அழுத்த மாத்திரை வீடு தேடி வரும் காலம் இது. ஆனால் விடியுமுன் தொழிலுக்குப் போய்விடுகிறவர் அதை எந்த வேளையில் விழுங்குகிறார், கச்சான் காற்று வீசும் காலத்தில் படகு இறங்காத நாட்களில் என்ன மாறுகிறது? உப்பளத்தில் வேலை பார்க்கும் பெண் ஒதுங்க இடமில்லாமல் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டால், சிறுநீர்த் தொற்றோடு அவர் ஆண்டுக்கு எத்தனை முறை வருகிறார்? காது வலி என்று வரும் சங்கு குளிப்பவருக்குச் சொட்டு மருந்து கிடைக்கும். எவ்வளவு ஆழம் போனார், ஒரு நாளில் எத்தனை முறை இறங்கினார், கம்ப்ரஸர் காற்றில் மூச்சுவிட்டாரா என்று குறிக்க வழக்கமான புறநோயாளிப் பதிவேட்டில் கட்டம் இல்லை. நோயாளியின் ஒப்புதலும் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் கிடைத்துவிட்டால், ஒரு நோட்டில் கோடு போட்டு அந்த மூன்று கட்டங்களையும் சேர்க்க அதிகச் செலவாகாது. கட்டுரையில் முதலில் யார் பெயர் வரும் என்பதை மட்டும் அந்த நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்துவிட வேண்டும்.