ஒரு கடற்கரை, இரண்டு சுதந்திர நாள்கள்

கங்காதர நெல்லூரில் பள்ளிப் பருவம் தொட்டு நட்பு மாறாத ஐவர் நாங்கள். மூவர் வீட்டில் தமிழ். இருவர் வீட்டில் தெலுங்கு. ஆண்டுதோறும் ஆகஸ்டு 15 அன்று ஊரில் கொடியேற்றம் கண்டு, மிட்டாய் பெற்று வீடு திரும்புவதே எங்கள் வழக்கம். இம்முறை அந்நாளைக் கடலோரத்தில் கொண்டாட விரும்பினோம். சித்தூர், வேலூர், ஆரணி, செஞ்சி வழியாகப் பயணித்து, முதல்நாள் மாலையே புதுவையை அடைந்தோம்.

காலையில் கடற்கரைச் சாலைக்குச் சென்றபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. எனினும் கூட்டம் குறையவில்லை. காந்தித் திடலருகே முதலமைச்சர் கொடியேற்ற, காவலர் அணிவகுப்பும் மாணவர் அணிவகுப்பும் தொடர்ந்தன. அண்ணலின் சிலையைச் சூழ்ந்து நிற்கும் கருங்கல் தூண்கள், பிரெஞ்சுக்காரர் செஞ்சியிலிருந்து கொண்டுவந்தவை என்பர். முதல்நாள் செஞ்சிக் கோட்டையைக் கண்டுவந்த எங்களுக்கு அத்தூண்கள் பழகிய முகங்களாகத் தோன்றின.

நாட்டுப்பண் ஒலித்தபோது எங்களுக்கு உள்ளூரப் பெருமிதம். 1919 பிப்ரவரியில் தாகூர் அப்பாடலை ஆங்கிலத்தில் பெயர்த்தது, அன்றைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளியில்தான். அங்கிருந்த கல்லூரியில் மார்கரெட் கசின்ஸ் அதன் மெட்டுக்கு இசைக்குறிப்பு எழுதினார்.

கூட்டம் கலைந்தபின் கடலை நோக்கி அமர்ந்தோம். அப்போது நண்பர் ஒருவர், “1947இல் இதே நாளில் இங்கே எந்தக் கொடி பறந்தது?” என்று கேட்டார். ஒரு கணம் எவரும் பேசவில்லை. அன்று இங்கே பறந்தது பிரெஞ்சுக் கொடியே. சென்னை மாகாணம் விடுதலையைக் கொண்டாடிய அந்நாளில், அதன் நடுவே இருந்த புதுவை அயலார் ஆட்சியில்தான் இருந்தது.

அந்த அயல் ஆட்சியின் வரலாறும் ஒற்றை நிறம் கொண்டதன்று. ஆங்கிலேயரின் பிடியிலிருந்து தப்பிய பாரதியார் 1908 முதல் 1918 வரை வாழ்ந்தது இங்கேதான். 1872ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 அன்று பிறந்த அரவிந்தர் 1910இல் அடைக்கலம் தேடி வந்ததும் இவ்வூருக்கே. ஆனால், 1936 சூலை 30 அன்று உரிமை கேட்ட ஆலைத் தொழிலாளர் பன்னிருவர் சுட்டுக் கொல்லப்பட்டதும் இதே ஆட்சியில்தான். வ. சுப்பையா வழிநடத்திய அப்போராட்டத்தின் பயனாகவே, எட்டு மணிநேர வேலை இங்கே சட்டமாயிற்று.

காந்தி சிலைக்கு எதிரே, முதல் உலகப் போரில் பிரான்சுக்காக உயிர்நீத்தோரின் நினைவுச்சின்னம் நிற்கிறது. பிரெஞ்சுப் படையில் பணியாற்றியோரை இவ்வூரார் ‘சொல்தா’ என்பர். அவர்தம் குடும்பத்தார் இன்றும் சூலை 14 அன்று பிரெஞ்சுத் தேசிய நாளைக் கொண்டாடுகின்றனர். அவ்விழாவில் இரு நாட்டுப் பண்களும் ஒலிக்கும். சில நூறு அடி தொலைவுக்குள் இரு நாடுகளின் நினைவுகள் பகையின்றி நிற்பதை வேறெங்கும் நாங்கள் கண்டதில்லை.

மறுநாள் ஊர் திரும்ப எண்ணியிருந்தோம். விடுதிக்காரரோ, “நாளையும் எங்களுக்கு விழாதான், கீழூருக்குப் போய்ப் பாருங்கள்” என்றார். புதுவைக்கு மேற்கே வயல்கள் சூழ்ந்த சிற்றூர் கீழூர். 1954 அக்டோபர் 18 அன்று, மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட 178 பேர் அங்கே கூடி வாக்களித்தனர். இந்தியாவுடன் இணைய 170 பேர் இசைந்தனர். 8 பேர் மறுத்தனர். மறுத்த எண்மரின் வாக்குகளும் முறையாக எண்ணப்பட்டு வரலாற்றில் நிற்கின்றன. அவ்வாண்டு நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. ஆயினும் சட்டப்படியான ஒப்படைப்பு நிகழ்ந்தது 1962 ஆகஸ்டு 16 அன்றுதான். அந்நாளை நினைந்து ஆண்டுதோறும் கீழூர் நினைவிடத்தில் கொடியேற்றுகின்றனர்.

“கைமாறிய பின்னும் எட்டாண்டுகள் ஏன்?” என்றார் எங்களுள் ஒருவர். வீட்டுக்கடன் பெற்று வீடு வாங்கிய மற்றொரு நண்பர் விடை சொன்னார். “சாவி கைக்கு வருவது வேறு, பத்திரம் பதிவாவது வேறு.” புதுவையின் கதை அதுவே. 1954இல் சாவி வந்தது. 1956இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. பிரான்சு அதற்கு ஒப்புதல் அளித்தபின் 1962இல் பத்திரம் முழுமை பெற்றது. இந்தியக் குடியுரிமையா, பிரெஞ்சுக் குடியுரிமையா என்று தேர்ந்துகொள்ள மக்களுக்கு அப்போது ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. ஒரு குடும்பத்திலேயே அண்ணன் ஒரு நாட்டவராகவும் தம்பி மற்றொரு நாட்டவராகவும் ஆவதற்கு அதுவே வழி திறந்தது.

பணத்துக்கும் இக்கதையில் இடமுண்டு. பிரெஞ்சு ஆட்சியில் இங்கே புழங்கிய ரூபாய்த் தாள்களை வெளியிட்டது இந்தோசீன வங்கி. சட்டைப்பையிலிருந்த பத்து ரூபாய்த் தாளை எடுத்து, அதிலுள்ள மொழிகளை ஒருமுறை படித்துப் பார்த்தோம். தமிழும் தெலுங்கும் ஒரே தாளில் இருந்தன. எங்கள் நட்பைப் போலவே.

தெலுங்கு நண்பருக்கு மற்றொரு மகிழ்ச்சியும் காத்திருந்தது. கோதாவரிக் கரையில் தெலுங்கு வழங்கும் ஏனாம், இன்றும் புதுவை ஒன்றியப் பகுதியைச் சேர்ந்ததே. “அடுத்த ஆண்டுக் கொடியேற்றம் அங்கே” என்று அவர் அறிவித்துவிட்டார்.

கடலும் அணிவகுப்பும் காணச் சென்ற நாங்கள், வயல்வெளி நடுவே ஒரு கொடிக்கம்பத்தின் முன் நீண்ட நேரம் நின்றுவிட்டுத் திரும்பினோம். சுதந்திரம் ஒரே இரவில் எல்லார் வீட்டு வாசலுக்கும் வந்துவிடவில்லை. சில ஊர்களுக்கு அது பதினைந்து ஆண்டுகள் நடந்து வந்தது. நீங்களும் ஆகஸ்டில் புதுவை செல்ல நேர்ந்தால், ஒருநாள் கூடுதலாகத் தங்குங்கள். 15ஆம் நாள் கடற்கரை. 16ஆம் நாள் கீழூர்.