லயத்தின் புறச்சுவரும் மலையின் நீரும்

பழைய வீடுகளைப் பேணுதல் என்றவுடன் நம்மவர் நினைவுக்கு வருவது காலிக் கோட்டை. 1988இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற அக்கோட்டையினுள் ஒல்லாந்தர் காலத்து வீடுகள் பல, பழைய முறை வழுவாது புதுப்பிக்கப்பட்டுள்ளன. போற்றத்தக்க பணியே. ஆயின், நூறாண்டு கடந்த வீடுகள் சப்பிரகமுவ மலைகளிலும் உள்ளன. கல்லும் மண்ணும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பப்பெற்று, தகரக் கூரையின் கீழ் வரிசையாய் நிற்கும் லயங்களைத்தான் சொல்கிறோம். துரை பங்களாவின் பழமைக்கு விருந்தினர் பணம் கொடுத்துத் தங்குகின்றனர். லயத்தின் பழமையோ எவர் கண்ணிலும் படுவதில்லை. கம்பளைக்கு அருகே பழைய லயமொன்று 2007இல் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக ஆக்கப்பட்டமை அரிய விதிவிலக்கு.

அரநாயக்கப் பகுதியில் இத்தகைய வீட்டின் புறச்சுவரைப் பழுதுபார்ப்பது அழகு பற்றிய விடயமன்று. 2016 மே 17ஆம் திகதி சாமசர மலை சரிந்து, சிரிபுர, எலங்கபிட்டிய, பல்லேபாகே ஆகிய கிராமங்களை மூடியது. இறந்தோரும் காணாமற்போனோரும் நூற்றுக்கு மேற்பட்டோர். அதே நாளில், அதே கேகாலை மாவட்டத்தில், புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்து லயத்தின் மீதும் மண் சரிந்து உயிர்களைக் கொண்டது. மலையே பெயரும்போது எச்சுவரும் தடுக்காது என்பது உண்மை. ஆயினும், வீட்டுப் பின்புறத்து மண்மேடு இடிந்து விழும் சிறு சரிவுகள் ஆண்டுதோறும் நிகழ்கின்றன. அவற்றுட் பல, கவனித்திருந்தால் தவிர்க்கக் கூடியவை.

கவனிக்க வேண்டியது முதலில் நீரை. ஒரு சதுர மீற்றர் பரப்பில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் நீர். நூறு சதுர மீற்றர்க் கூரையின் மேல் ஒரே நாளில் 150 மில்லிமீற்றர் பெய்தால் 15,000 லீற்றர்! பீலியும் கானும் செப்பமாக இல்லையெனில் அத்தனையும் அத்திவாரத்தடியில் இறங்கும். தேயிலை மலைகளிற் கான் வெட்டுவதை முன்னையோர் ஒரு கலையாகவே பயின்றிருந்தனர். அவர்தம் பேரர் வீட்டின் பின்னாலேயே கான் குப்பையால் அடைபட்டுக் கிடப்பதை நாம் பலவிடத்தும் காண்கிறோம்.

அடுத்தது, மேட்டைத் தாங்கும் கற்சுவர். சாந்து பூசாது கல்லைக் கல்லின்மேல் அடுக்கிய பழைய சுவர்களில், இடுக்குகள் வழியே நீர் தானாகக் கசிந்து வெளியேறும். உறுதிப்படுத்துவதாக எண்ணி அவ்விடுக்குகளைச் சீமெந்தால் அடைத்துவிடுவோர் உளர். பின்னே தேங்கும் நீரின் பாரமும் மண்ணின் பாரத்தோடு சேர்ந்து சுவரைத் தள்ளும். சுவரின் உயரம் இரட்டித்தால் அதன்மேல் மண் தள்ளும் விசை நான்கு மடங்காகும். எனவே, சமையலறையை நீட்டுவதற்காக மேட்டின் அடியை இரண்டடி வெட்டுவது சிறிய வேலை போலத் தோன்றினாலும் சிறியதன்று. சீமெந்தாற் கட்டுவதாயின் நீர் வெளியேறத் துளைகளும், அவற்றின் பின்னே சல்லிக்கல் நிரப்பும் வேண்டும்.

வீட்டுச் சுவரின் செய்தியும் இத்தகையதே. சுண்ணாம்புச் சாந்து மென்மையானது, நுண்துளைகள் உடையது. நிலத்திலிருந்து ஏறும் ஈரம் அதன் வழியே உலர்ந்து போகும். மேலே கனத்த சீமெந்துப் பூச்சு ஏறினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, பூச்சும் அதனோடு ஒட்டிய பழஞ்செங்கல்லும் பொருக்குப் பொருக்காய் உதிரும். சுண்ணாம்பால் கட்டியதைச் சுண்ணாம்பாலேயே திருத்துவது நன்று. நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமிலவாயுவை ஏற்று மெல்ல மெல்லவே இறுகும். அவசரக்காரருக்கு ஏற்ற பொருளன்று அது.

மேட்டில் என்ன நடுவது? வாழையை எங்கும் காண்கிறோம்; அதன் வேர் மேலோட்டமானது. வெட்டிவேரின் வேரோ மூன்று மீற்றர் ஆழம்வரை செங்குத்தாய் இறங்கவல்லது. அதனைச் சரிவுக்குக் குறுக்கே நெருங்கிய வரிசையாய் நடுவர்.

இத்தனையும் யார் செய்வது? கேள்வி இங்கேதான் முட்டுகிறது. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 முதல் பெருந்தோட்டங்கள் பலவற்றின் நிருவாகம் கம்பனிகளிடம் சென்றது. தலைமுறை தலைமுறையாய் இஸ்தோப்பை மெழுகி வாழ்பவர் கையில் உறுதிப்பத்திரம் இல்லை. தமதல்லாத சுவருக்கு உழைத்த கூலியைச் செலவிடு என்று அவரிடம் சொல்ல நமக்கு நா எழவில்லை. மண் தாங்கும் சுவரும் பெருங்கானும் நிலத்தை ஆள்வோரின் கடமை என்பதே நம் துணிபு. கானைத் துப்புரவாக வைத்திருப்பது மட்டும் குடியிருப்போர் பொறுப்பு.

தைக்கும் மாசிக்கும் இடையே இம்மலைகளில் மழை தணிந்திருக்கும். சுண்ணாம்பு வேலைக்கும் கல் அடுக்கவும் ஏற்ற பருவம் அதுவே. சித்திரை பிறந்துவிட்டால் மாலை மழை தொடங்கிவிடும். வைகாசியில் தென்மேற்குப் பருவமழை வந்துவிடும். அதன்பின் நிலத்திற் புதிய வெடிப்போ, சாயும் மரமோ, திடீரெனப் பீறிடும் கலங்கல் ஊற்றோ கண்டால், சாந்துக் கரண்டியைத் தேடாது பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வெளியேறி, கிராம அலுவலருக்கு அறிவித்தல் வேண்டும்.