வேலைத்தலத்தில் பாட்டு: தேர்ந்தெடுப்பது யார்?

ஒவ்வொரு வருடமும் வரிக்காலம் வந்தால், எங்கள் மேசைக்கு வரும் கோப்புகளோடு கணக்கில் சேராத கேள்விகளும் கூடவே வரும். நியூ ஜேர்சியில் பலசரக்குக் கடை, சாப்பாட்டுக் கடை, பெற்றோல் நிலையம் என்று நடத்தும் எம்மவர்கள் அண்மைக்காலமாகக் கேட்பது இது: "அண்ணை, வேலை செய்யிற இடத்தில பாட்டுப் போட்டால் ஆக்கள் உசாராய் வேலை செய்வினமாம். உண்மையோ?" அதே வாரத்தில் களஞ்சியசாலையில் பெட்டி அடுக்கும் இன்னொருவர் வருவார். பத்து மணித்தியாலமும் தலைக்கு மேலே ஒலிபெருக்கி அலறுகிறது, வீட்டுக்கு வந்து படுத்தாலும் காது இரைகிறது என்று சொல்லிவிட்டுப் போவார். இருவரும் எங்கள் ஆட்கள்தான். ஆகவே இருவருக்கும் பொதுவாக இந்த விடயத்தை எழுதுகிறோம்.

இந்தக் கதையின் கணிசமான பகுதி நாங்கள் குடியிருக்கும் மாநிலத்திலேயே நடந்தது. தோமஸ் எடிசன் 1877 இல் மென்லோ பார்க்கில் வைத்துத்தான் குரலைப் பதிந்து திருப்பி ஒலிக்கும் கருவியைச் செய்தார். அந்த இடத்தை உள்ளடக்கிய ஊர் 1954 இல் எடிசன் என்று தன் பெயரை மாற்றிக்கொண்டது. இன்று ஓக் ட்ரீ வீதிக்குக் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்கப் போகிறோமே, அதே ஊர்தான். 1921 இல் எடிசனின் கொம்பனி 112 இசைத்தட்டுகளை, அவை கேட்பவரின் மனநிலையை எப்படி மாற்றும் என்ற அடிப்படையில் வகைபிரித்து ஒரு சிறுநூலாக வெளியிட்டது. வோல்ரர் பிங்கம் என்ற உளவியலாளரின் ஆய்வு அதற்குப் பின்னால் இருந்தது. தட்டு விற்பதற்கான விளம்பரம்தான். ஆனால் பாட்டைக் கலையாகப் பார்க்காமல், மனதில் ஒரு வேலையைச் செய்து முடிக்கும் கருவியாகப் பார்க்கும் பார்வை அதில் தெளிவாகத் தெரிகிறது.

அந்தப் பார்வையைத் தொழிலாகவே நடத்தியது மியூசாக் என்ற நிறுவனம். ஜோர்ஜ் ஸ்குவையர் என்ற அமெரிக்க இராணுவத் தளபதி கம்பி வழியாக இசையை அனுப்பும் முறையைக் கண்டுபிடித்தார். மியூசிக், கொடாக் என்ற இரு சொற்களையும் ஒட்டி 1934 இல் அந்தப் பெயர் வந்தது. 1940களில் ஹொபோக்கனில் உள்ள ஸ்ரீவன்ஸ் கல்லூரியைச் சேர்ந்த ஹரோல்ட் பரிஸ்-மேயர் தொழிற்சாலைகளில் இசையின் விளைவை ஆராய்ந்தார். பிற்பாடு மியூசாக் ஒரு முறையை வகுத்தது. கால் மணித்தியாலம் இசை, கால் மணித்தியாலம் மௌனம். அந்தக் கால் மணித்தியாலத்துக்குள் ஒவ்வொரு பாட்டும் முந்தியதைவிடச் சற்று விறுவிறுப்பாக இருக்கும். முற்பகலிலும் பிற்பகலிலும் ஆட்கள் சோரும் நேரம் பார்த்து விறுவிறுப்பை ஏற்றுவார்கள். பாடகரின் குரல் இருக்காது. குரல் இருந்தால் ஆள் கவனிக்கத் தொடங்கிவிடுவார். கவனிக்கக் கூடாது, ஆனால் கை மட்டும் வேகமாக ஓட வேண்டும்.

இங்கிலாந்தில் போர்க்காலத்தில் இதையே பி.பி.சி. செய்தது. 1940 யூன் 23 இல் தொடங்கிய "மியூசிக் வைல் யூ வேர்க்" நிகழ்ச்சி ஆயுதத் தொழிற்சாலைகளில் நாளுக்கு இரு தடவை, அரை மணித்தியாலம் ஒலித்தது. பிறகு இரவு வேலைக்காரருக்கென்றும் ஒன்று சேர்ந்தது. 1967 வரை ஓடிய நிகழ்ச்சி அது. ரெக்சாஸ் வாசகர்கள் இரசிக்க ஒரு செய்தி: ரெக்சாஸைப் பற்றிய ஒரு பிரபல பாட்டு அந்த நிகழ்ச்சியில் தடைசெய்யப்பட்டது. நடுவில் கைதட்டும் இடம் வரும். வேலையாட்கள் கையில் இருந்த சாவியாலும் சுத்தியலாலும் இயந்திரத்தில் தட்டத் தொடங்கிவிட்டார்களாம். உற்சாகம் வேண்டும் என்றுதான் பாட்டுப் போட்டார்கள். உண்மையான உற்சாகம் வந்தபோது தடைசெய்ய வேண்டியதாயிற்று.

சரி, பாட்டால் வேலை கூடுகிறதா? 1966 இல் அமெரிக்காவில் ஒரு சறுக்குப்பலகைத் தொழிற்சாலையில் செய்த ஆய்வு எங்களுக்குப் பிடித்தமானது. பாட்டு ஒலித்தபோது உற்பத்தியின் அளவிலோ தரத்திலோ மாற்றம் எதுவும் இல்லை. ஆனால் வேலையாட்களுக்குப் பாட்டுப் பிடித்திருந்தது, தாங்கள் கூடுதலாக வேலை செய்ததாகவும் நம்பினார்கள். கணக்காளர் கண்ணால் பார்த்தால் வரவு சூன்யம்; மனிதக் கண்ணால் பார்த்தால் அப்படியல்ல. 2005 இல் வெளியான இன்னோர் ஆய்வு கனடாவின் மென்பொருள் நிறுவனங்களில் வேலைசெய்த 56 பேரைக் கவனித்தது. பாட்டை நிறுத்திய வாரத்தில் அவர்களின் மனநிலையும் வேலையின் தரமும் இறங்கின. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பக்கம் காதில் கருவி மாட்டிக்கொண்டு நிரல் எழுதும் எங்கள் பிள்ளைகள் இதைக் காட்டிப் பெற்றோரிடம் வாதாடலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த 56 பேரும் தங்களுக்கு விருப்பமான பாட்டைத் தங்களுக்கு வேண்டிய நேரத்தில் கேட்டவர்கள். யாரும் அவர்களுக்குப் போட்டுக்காட்டவில்லை.

விடயம் முழுவதும் இங்கேதான் தங்கியிருக்கிறது என்று நாங்கள் நினைக்கிறோம். வேலையில் பாட்டு நல்லதா கெட்டதா என்ற கேள்விக்குப் பதிலே கிடையாது. யார் தேர்ந்தெடுக்கிறார், நிறுத்தச் சொல்லும் உரிமை யாரிடம் இருக்கிறது என்ற கேள்விக்குத்தான் பதில் உண்டு.

யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களைப் பெரியவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். வரிசையாக இருந்து புகையிலை சுற்றுவார்கள். ஒருவர் பத்திரிகையையோ கதைப் புத்தகத்தையோ உரத்து வாசிப்பார். கை வேலையில், காது உலகத்தில். பள்ளிக்கூடம் போகாதவர்களும் உலக அரசியல் கதைத்தது அப்படித்தான். இதே வழக்கம் கடல் கடந்து கியூபாவிலும் இருந்தது. 1865 இல் ஹவானாவின் சுருட்டுத் தொழிற்சாலையில் தொடங்கி, கியூபத் தொழிலாளரோடு புளோரிடா மாநிலத்தின் டம்பா நகருக்கு வந்து சேர்ந்தது. அங்கே வாசிப்பவர் உயரமான மேடையில் இருந்து காலையில் செய்தியும் பிறகு நாவலும் வாசிப்பார். அவரைத் தெரிவுசெய்தவர்கள் தொழிலாளர்கள். எந்த நாவல் என்று வாக்கெடுத்தவர்களும் அவர்களே. வாசிப்பவருக்குச் சம்பளமும் ஆளுக்குக் கொஞ்சமாக வாராவாரம் தாங்களே போட்டுக் கொடுத்தார்கள். முதலாளியின் பேரேட்டில் அந்தச் செலவு ஒரு சதமும் இல்லை.

1931 இல் டம்பா முதலாளிமார் வாசிப்பவர்களை வெளியேற்றினார்கள். தீவிர அரசியலை வாசித்துத் தொழிலாளரைக் குழப்புகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து பார்த்தார்கள்; வாசிப்பவர்கள் திரும்பி வரவில்லை. அந்த மேடையின் இடத்துக்கு வானொலிப்பெட்டி வந்தது. வானொலியில் நல்ல இசை ஒலித்திருக்கும், சந்தேகமில்லை. ஆனால் அதன் திருகுமுனை யாருடைய கையில் இருந்தது?

எங்கள் ஊரில் வேலையும் பாட்டும் பிரிந்திருக்கவில்லை. கரைவலை இழுப்பவர்களின் அம்பாப் பாட்டு வலையின் பாரத்தோடு சேர்ந்து எழுந்து விழும். அருவி வெட்டும்போது ஒரு பாட்டு, சூடு மிதிக்கும்போது ஒரு பாட்டு. மூச்சு எடுக்கும் இடத்தைப் பாடுகிறவனே தீர்மானித்தான். இலங்கை வானொலி வந்தபின் தையற்கடையிலும் சலூனிலும் தேத்தண்ணிக் கடையிலும் பாட்டு ஓயவில்லை. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில் பற்றரி இல்லாமல், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றிப் பாட்டுக் கேட்ட தலைமுறை நாங்கள். ஒருவர் பெடலைச் சுற்ற மற்றவர்கள் கேட்போம். அவர் களைத்தால் பாட்டும் நிற்கும். பாட்டின் விலை எங்களுக்குத் தெரியும்.

விலை என்றதும் சட்டத்துக்கு வருவோம். "எங்கட தமிழ்ப் பாட்டுக்கு இங்க ஆர் வந்து கேக்கப் போகினம்" என்பது கடைக்காரர் பலரின் நம்பிக்கை. அது ஆபத்தான நம்பிக்கை. 1989 இல் அமெரிக்கா பேர்ண் உடன்படிக்கையில் சேர்ந்தது. இந்தியப் பாட்டுக்கும் இங்கே பதிப்புரிமை உண்டு. கைப்பேசியில் மாதச் சந்தா கட்டிக் கேட்கும் ஸ்பொட்டிபை கணக்கு உங்கள் சொந்தப் பாவனைக்கு மட்டுமே, கடைக்கு அல்ல. வாடிக்கையாளர் வராத தொழிற்சாலையில் வேலையாட்களுக்காகப் போட்டாலும் பொது இசைப்புத்தான். அமெரிக்கச் சட்டம் இயற்றப்பட்டபோது காங்கிரஸ் குழு எழுதிய அறிக்கை தொழிற்சாலையைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. பிரித்தானிய நீதிமன்றமும் 1943 இல் இதே முடிவுக்கு வந்தது. பிடிபட்டால் சட்டம் விதிக்கும் நட்டஈடு ஒரு பாட்டுக்கு 750 டொலரில் தொடங்குகிறது. வேண்டுமென்று செய்ததாக நிரூபிக்கப்பட்டால் 1,50,000 டொலர் வரை போகலாம்.

வானொலி, தொலைக்காட்சி ஒலிபரப்புக்கு மட்டும் 1998 ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கு அளிக்கிறது. 2,000 சதுர அடிக்குக் குறைந்த கடையும் 3,750 சதுர அடிக்குக் குறைந்த சாப்பாட்டுக் கடையும் உரிமம் இல்லாமல் வானொலி போடலாம். அதைவிடப் பெரிய இடமென்றால், மொத்தம் 6 ஒலிபெருக்கி, ஓர் அறையில் 4க்கு மேல் கூடாது. இந்த விலக்கு உலக வர்த்தக விதிகளுக்கு முரணானது என்று ஐரோப்பிய நாடுகள் முறையிட்டு 2000 இல் வென்றன. அமெரிக்கா மூன்று வருடத்துக்கென 33 இலட்சம் டொலர் கொடுத்ததே தவிர, சட்டத்தை மாற்றவில்லை. தண்டம் கட்டுவது மலிவு என்று கணக்குப் பார்த்திருக்கிறார்கள் போலும்! கைப்பேசியிலிருந்தோ இறுவட்டிலிருந்தோ போடுவதென்றால் ஆஸ்காப், பி.எம்.ஐ. போன்ற உரிமைச் சங்கங்களின் அனுமதி வேண்டும். அல்லது அனுமதியையும் சேர்த்து விற்கும் வியாபாரச் சேவை ஒன்றைப் பெற வேண்டும். அந்தச் செலவை வியாபாரச் செலவாகக் கழிக்கலாம், பற்றுச்சீட்டை எறிந்துவிடாதீர்கள்.

சொற்களையும் கவனிக்க வேண்டும். நெவாடா மாநிலத்தின் ரீனோவில் உள்ள எஸ் அன்ட் எஸ் அக்ரிவ்வெயர் நிறுவனத்தின் களஞ்சியசாலையில், பெண்களை இழிவுபடுத்தும் ஆபாசப் பாட்டுகள் நாள் முழுக்க ஒலித்தன. முறையிட்டபோது, பாட்டு வேலையாட்களுக்கு ஊக்கம் தருகிறது என்று நிர்வாகம் பதில் சொன்னது. ஏழு பெண்களும் ஓர் ஆணும் வழக்குப் போட்டார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றாகத்தானே ஒலித்தது, யாரையும் குறிவைக்கவில்லையே என்றது நிறுவனம். 2023 யூனில் ஒன்பதாவது மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. ஒருவரைக் குறிவைக்காத பாட்டும் பாலியல் தொந்தரவாகலாம் என்றது. கலிபோர்ணியாவும் அந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் வருகிறது. எங்கள் குத்துப்பாட்டுகளின் சொற்களை ஒருமுறை காகிதத்தில் எழுதிப் பார்த்தால், கடைக்காரர் சிலர் தங்கள் பட்டியலை மாற்றக்கூடும்.

ஒலியின் அளவும் சட்டத்துக்குள் அடங்கும். எட்டு மணித்தியால வேலையில் சராசரி 85 டெசிபலைத் தொட்டால், செவிப்புலனைக் காக்கும் ஏற்பாடுகளை நிறுவனம் செய்தாக வேண்டும். தொடக்கத்தில் சொன்ன காது இரையும் நண்பருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் சமூகத்துக்கென்று இன்னொன்றும் இருக்கிறது. பாட்டில் நினைவு ஒட்டிக்கிடக்கும். எண்பதுகளில் வந்த ஒரு சினிமாப் பாட்டு ஒருவருக்குக் கல்யாண வீட்டை நினைவூட்டும். பக்கத்தில் வெங்காயம் வெட்டுகிறவருக்கு, அந்தப் பாட்டு வானொலியில் ஓடிக்கொண்டிருந்தபோது பிடித்துக்கொண்டு போன தம்பியை நினைவூட்டும். மே மாத நடுப்பகுதியில் கொண்டாட்டப் பாட்டு ஒலிக்கும் சமையலறையில் நிற்க முடியாதவர்கள் எங்களிடையே உண்டு. முள்ளிவாய்க்காலில் இருந்து வந்த ஒருவருக்கு அதை முதலாளிக்கு விளக்கவேண்டி வருவதே பெரிய பாரம். முதலாளி வேறு ஊர்க்காரராக இருந்தால் இன்னும் பாரம்.

இன்னொரு பிழையான கணக்கையும் கண்டிருக்கிறோம். ஒலிபெருக்கி பூட்டிய கையோடு "ஆக்களைச் சந்தோசமாய் வைச்சிருக்கிறம்" என்பார்கள். ஊதியப் பதிவேட்டைத் திறந்தால், வாரத்துக்கு 40 மணித்தியாலத்துக்கு மேல் செய்த வேலைக்கு ஒன்றரை மடங்கு ஊதியம் இருக்காது. நியூ ஜேர்சியில் 30 மணித்தியால வேலைக்கு 1 மணித்தியாலம் சம்பளத்துடன் சுகவீன விடுப்புச் சேர வேண்டும், வருடத்துக்கு 40 மணித்தியாலம் வரை. அந்த நிரலும் வெறுமையாக இருக்கும். முதலில் அந்த நிரல்களை நிரப்புங்கள், பிறகு பாட்டைப் பற்றிக் கதைக்கலாம் என்பதே எங்கள் பதில்.

நிரப்பிவிட்டுக் கேட்பவர்களுக்கு, டம்பாத் தொழிலாளரின் வழியைச் சொல்வோம். முதலாளி உரிமத்துக்கான காசைக் கட்டட்டும், பட்டியலை வேலை செய்பவர்கள் முறைவைத்துப் போடட்டும். யாராவது ஒருவர் வேண்டாம் என்றால், காரணம் கேட்காமல் நிறுத்த வேண்டும். எங்களிடம் கணக்குப் பார்க்கும் ஒரு சாப்பாட்டுக் கடையில் இப்படித்தான் நடக்கிறது. திங்கள் இடியப்பம் அவிக்கும் அக்காவின் பாட்டு, செவ்வாய் மெக்சிக்கோக்காரத் தம்பியின் ஸ்பானியப் பாட்டு. புதன்கிழமை பாத்திரம் கழுவும் ஐயாவின் முறை. அவர் பாட்டே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். புதன்கிழமைகளில் அங்கே கரண்டிச் சத்தமும் கதைக்கிற சத்தமும்தான்.