திருப்பதிக்கு வந்த 'சாந்தி நிலையம்'

புத்தலப்பட்டு: ராபர்ட் வைஸ் 1965-ல் எடுத்த 'சவுண்ட் ஆப் மியூசிக்' ஐந்து ஆஸ்கார் பரிசுகள் பெற்ற ஆங்கிலப் படம். தாயில்லாத ஏழு குழந்தைகளைப் பாட்டாலேயே வசப்படுத்தும் ஆசிரியையாக ஜூலி ஆண்ட்ரூஸ் நடித்தார். அதன் சாயலில் 1969-ல் தமிழில் வந்ததே ஜெமினி கணேசன், காஞ்சனா நடித்த 'சாந்தி நிலையம்'. மார்க்கஸ் பார்ட்லியின் வண்ண ஒளிப்பதிவுக்குத் தேசிய விருது கிடைத்தது.

இவ்வட்டாரத் தமிழர்கள் இப்படத்தைச் சொந்தம் கொண்டாடக் காரணம் உண்டு. மெல்லிசை மன்னரின் இசையில் சுசீலாவுடன் டூயட் பாடிய அன்றைய இளைஞர் எஸ்.பி. பாலசுப்பிரமணியம், காளஹஸ்தியிலும் திருப்பதியிலும் படித்தவர்.

காஞ்சனாவோ, தாம் வழக்காடி மீட்ட சென்னை தியாகராய நகர் சொத்தை 2010-ல் திருமலை திருப்பதி தேவஸ்தானத்துக்கே கொடுத்துவிட்டார். பிறர் பிள்ளைகளைத் தன் பிள்ளைகளாகப் பாவித்த அந்த ஆசிரியை வேடம் அவருக்குப் பொருந்தியதில் வியப்பென்ன!