நாலு வீட்டுக்கு ஒரு கார்!

கார் வாங்கும் ஆசை யாருக்கு ஸார் இல்லை? எனக்கும் வந்தது. பி.காம். படித்த பாவம், உடனே கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாசத்தில் எட்டு நாள் ஓடும். மீதி நாளெல்லாம் வேப்பமரத்தடியில் காக்காய்க்குக் கக்கூஸாக நிற்கும். இன்ஷூரன்ஸ் மட்டும் லீவே போடாது!

''நாலு பேர் சேர்ந்து ஒண்ணு வாங்கினா என்ன?'' என்றார் மாடி வீட்டு பேங்க் ஆசாமி.

ஐடியா புதுசில்லை. ஸ்விட்சர்லாந்தில், ஜூரிக் நகரத்தில் 1948-லேயே கூட்டுறவு சங்கம் வைத்து இப்படிக் கார் ஓட்டியிருக்கிறார்கள். அந்த நாட்டில் 1987-ல் ஆரம்பித்த இரண்டு சங்கங்கள் 1997-ல் ஒன்றாகி, 'மொபிலிட்டி' என்ற பெயரில் இன்றைக்கும் நடக்கிறது.

மடிப்பாக்கத்தில் நாங்கள் பேங்க், வாத்தியார், மெடிக்கல் ரெப், நான் என்று நாலு வீடு. தலைக்கு நாற்பதாயிரம் போட்டு ஒரு பழைய மாருதி வாங்கினோம். ஆர்.சி. என் பேரில். பெருமையாகத்தான் இருந்தது, சிக்னலைத் தாண்டியதற்கு அபராதம் என்று என் செல்லுக்கு மெஸேஜ் வரும்வரை. ஓட்டியது யார்? மூணு பேரும், ''நான் இல்லப்பா!''

முதல் மாசம் பெட்ரோல் ஏழாயிரம். நாலாகப் பங்கு போட்டோம். ரெப் ஓட்டியது எழுநூறு கிலோமீட்டர். வாத்தியார் நாற்பது! ''டாக்ஸியில போயிருந்தா இதைவிடக் கம்மி'' என்று வாத்தியார் வீட்டம்மா மாடிப்படியில் நின்று சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது.

அப்புறம்தான் பி.காம். வேலை செய்தது. வண்டி சும்மா நின்றாலும் ஆகிற செலவு - இன்ஷூரன்ஸ், சர்வீஸ், ரிப்பேர் நிதி - தலைக்கு மாசம் தொள்ளாயிரம். ஓடினால் ஆகிற செலவு கிலோமீட்டருக்கு ஒன்பது ரூபாய். பெட்ரோல் ஏழு, டயர் தேய்மானம், ஆயில் இரண்டு. எடுக்கும்போதும் விடும்போதும் மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதணும். வெளி ஆளுக்கு வாடகைக்குக் கிடையாது. வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு விட்டால் பெர்மிட் இல்லாத குற்றம். ஆக்ஸிடென்ட் ஆனால் இன்ஷூரன்ஸும் கைவிரித்துவிடும்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தோம். ஒரு ராத்திரி ஒரு மணிக்கு வாத்தியார் பையனுக்கு ஜுரத்தில் வலிப்பு. ஓடிப்போய்ப் பார்த்தால் ஆணியில் சாவி இல்லை. ரெப் பாக்கெட்டிலேயே வைத்துக்கொண்டு தூங்கிவிட்டார். அவரை எழுப்பி வாங்கினால், பெட்ரோல் முள் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. கடைசியில் தெருமுனை ஆட்டோக்காரர்தான் காப்பாற்றினார். பையன் பிழைத்துக்கொண்டான்.

''என் நாற்பதாயிரத்தைக் குடுத்துடுங்க'' என்றார் வாத்தியார். வேறு ஒரு வார்த்தை பேசவில்லை.

விலகுகிறவருக்கு எவ்வளவு தருவது? அதை நாங்கள் எழுதியே வைக்கவில்லை! பணம் போட்ட அன்றைக்கே எழுதியிருக்க வேண்டிய விஷயம். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதினோம். வருஷத்துக்குப் பத்து பர்சென்ட் தேய்மானம் கழித்து, இரண்டு மாசத்துக்குள் பணம். சாவி வாட்ச்மேன் பெட்டியில். கால் டேங்குக்குக் கீழே விட்டால் இருநூறு ரூபாய் அபராதம். ஆஸ்பத்திரி என்றால் யார் புக் பண்ணியிருந்தாலும் வண்டி அவர்களுக்கு.

மூணு பேர் கையெழுத்துப் போட்டோம். ரெப் மட்டும் இரண்டு தடவை வாத்தியார் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். வாத்தியாரின் கையெழுத்து இடம் இன்னும் காலி. ஆனால் நேற்று நோட்டைப் புரட்டினால், அவர் எழுத்தில் ஒரு வரி: 'ஞாயிறு காலை 6 மணி. திருநீர்மலை.'