ஊசி இலவசம்தான்... போன கூலியை யார் தருவது? போடி ஏலமலையில் தடுப்பூசியின் அசல் விலை

போடிநாயக்கனூரில் பொழுது விடியும் முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். போடிமெட்டு வளைவுகளில் ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை பக்கம் இருக்கும் ஏலத்தோட்டங்களுக்குப் போகிறவர்களில் பெண்கள் அதிகம். வீடு திரும்ப சாயங்காலம் ஆகிவிடும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி போடும் நேரமோ, காலையில் ஜீப் ஏறுவதற்கும் மாலையில் இறங்குவதற்கும் நடுவிலேயே முடிந்துவிடும்.

தடுப்பூசி என்றதும் வழக்கமாக ரெண்டு கேள்விதான் வரும். விலை என்ன? ஜனங்க நம்புறாங்களா? இந்த மலையடிவாரத்தில் மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறது: அன்னைக்குக் கூலி போயிடுமா? இதைக் கேட்காமல் முதல் ரெண்டுக்கும் சரியான பதில் கிடைக்காது.

அரசு ஊசிக்கு எவ்வளவு செலவு?

பூஜ்யம். 1985 முதல் நாடு முழுக்க நடக்கும் தடுப்பூசித் திட்டத்தில், காசநோய், போலியோ, தட்டம்மை எனப் பட்டியலில் உள்ள எந்த ஊசிக்கும் பணம் கிடையாது. ஐந்து நோய்களை ஒரே ஊசியில் தடுக்கும் பென்டாவேலன்ட் இந்தியாவில் முதலில் வந்தது தமிழ்நாட்டுக்கும் கேரளாவுக்கும்தான், 2011 டிசம்பரில். அதாவது, இந்த மலையின் ரெண்டு பக்கத்துக்கும் ஒரே நேரத்தில் வந்தது.

வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா சொட்டு மருந்தும், நிமோனியாவைத் தடுக்கும் நிமோகாக்கல் ஊசியும் பின்னால் சேர்ந்தன. நிமோகாக்கல் ஊசியைத் தனியார் மருத்துவமனையில் போட்டால் ஒரு டோஸுக்கே ஆயிரக்கணக்கில் ஆகும்.

இந்த விலை இறக்கத்துக்குப் பின்னால் பெரிய உழைப்பு இருக்கிறது. டெல்லி எய்ம்ஸில் கண்டறியப்பட்ட வைரஸ் வகையை வைத்து ரோட்டாவேக் உருவானது. அதைப் பரிசோதித்த மையங்களில் வேலூர் சி.எம்.சி.யும் ஒன்று. ஒரு டோஸ் ஒரு டாலருக்குத் தருவதாக 2013இல் பாரத் பயோடெக் அறிவித்தது. குப்பியின் விலையைக் குறைப்பதில் இந்தியா கெட்டிக்காரத்தனமாகவே நடந்துகொண்டிருக்கிறது.

அப்புறம் என்ன பிரச்னை?

ஒரு சின்னக் கணக்கு. தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு 2025-26இல் அறிவிக்கப்பட்ட கூலி ஒரு நாளைக்கு 336 ரூபாய். இதையே அளவாக வைத்துக்கொள்வோம். ஊசி போட ஒரு நாள் லீவு. ராத்திரி குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால், அடுத்த நாளும் வேலைக்குப் போக முடியாது. ஆக, இலவச ஊசிக்கு 672 ரூபாய் ஆகிவிட்டது. சீசனில் ஏலக்காய் எடுக்கும் நாட்களில் லீவு போட்டால் நஷ்டம் இன்னும் கூடும்.

காய்ச்சல் வருவது கோளாறு அல்ல. பென்டாவேலன்டில் உள்ள கக்குவான் இருமல் மருந்தால் ஓரிரு நாள் காய்ச்சல் வரலாம். உடல் எதிர்ப்பு சக்தியை உருவாக்கும்போது நடப்பது இது. சென்னையில் ஐ.டி. வேலையில் இருப்பவருக்கு அது ஒரு நாள் 'வொர்க் ஃப்ரம் ஹோம்'. தோட்டத்தில் காய் எடுப்பவருக்கு அப்படி ஒரு வசதி இல்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குழந்தை பிறந்து 6, 10, 14 வாரங்களில் போடும் ஊசிகளின்போது அம்மா பெரும்பாலும் வீட்டில் இருப்பார். தட்டம்மை-ரூபெல்லா ஊசியின் முதல் டோஸ் 9 முதல் 12 மாதத்துக்குள், ரெண்டாவது 16 முதல் 24 மாதத்துக்குள். அந்த நேரத்தில் பலரும் மறுபடி வேலைக்குப் போயிருப்பார்கள். குழந்தை பாட்டியிடம் இருக்கும். ஊசி அட்டை எங்கோ பெட்டியில் இருக்கும்.

எப்ப வேணா வாங்கன்னு சொல்ல முடியாதா?

அதுவும் அவ்வளவு சுலபம் இல்லை. தட்டம்மை-ரூபெல்லா மருந்து பொடியாக வருகிறது. ஒரு குப்பியில் பல டோஸ். கரைத்துவிட்டால் நாலு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும்; மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். அதோடு, தடுப்பூசிகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டும். கொட்டகுடி, குரங்கணி, முதுவாக்குடி மாதிரி மலையூர்களுக்கு நர்ஸம்மா ஐஸ் பெட்டியோடுதான் போயாக வேண்டும். அதனால்தான் குழந்தைகளை ஒரே நாளில் சேர்த்து ஊசி போடுகிறார்கள். தமிழ்நாட்டில் அது வழக்கமாகப் புதன்கிழமை. அதுவோ தோட்டத்தில் வேலை நாள்.

தூரம் கூடினால் என்ன ஆகும்?

இதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு கசப்பான உதாரணம் உண்டு. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட பிறகு நான்கு குழந்தைகள் இறந்தன. மாநிலமே அதிர்ந்தது. அதன்பின் ஊருக்குள் வந்து ஊசி போடும் முறை நிறுத்தப்பட்டு, டாக்டர் இருக்கும் இடங்களில் மட்டும் போடப்பட்டது. பாதுகாப்புக்காக எடுத்த முடிவுதான். ஆனால், தாய்மார்கள் நடக்க வேண்டிய தூரம் கூடிவிட்டது.

தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, எல்லா அடிப்படைத் தடுப்பூசிகளும் போட்ட குழந்தைகள் தமிழ்நாட்டில் 2005-06இல் சுமார் 81 சதவீதம். 2015-16இல் அது சுமார் 70 சதவீதமாக இறங்கியது. அந்தப் பத்து வருடமும் ஊசி இலவசம்தான். பயமும் தூரமும் சேர்ந்தால் 'இலவசம்' என்ற சொல் மட்டும் போதாது என்பதை இந்தச் சரிவு காட்டுகிறது. ஊசி ஊர்களுக்குத் திரும்பியது. அடுத்த ஆய்வில் (2019-21) அளவு சுமார் 89 சதவீதமாக உயர்ந்தது.

கொரோனா கற்றுத்தந்தது என்ன?

2021 ஜூனில் தனியார் மருத்துவமனைக்கு ஒன்றிய அரசு விதித்த உச்ச விலை: கோவிஷீல்டு 780 ரூபாய், கோவாக்சின் 1,410 ரூபாய். அந்த வருடம் நூறு நாள் வேலைக் கூலி 273 ரூபாய். கோவிஷீல்டு என்றால் கிட்டத்தட்ட மூணு நாள் சம்பளம். கோவாக்சின் என்றால் அஞ்சு நாளுக்கும் மேல். அரசு மையங்களில் இலவசம் என்பதால்தான் கூலித் தொழிலாளர்களால் யோசிக்கவே முடிந்தது.

பயமும் இருந்தது. நடிகர் விவேக் ஊசி போட்டுக்கொண்ட ரெண்டு நாளில், 2021 ஏப்ரல் 17 அன்று காலமானபோது வாட்ஸ்அப் முழுக்க அதே பேச்சு. மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பு இல்லை என்று ஒன்றிய அரசின் நிபுணர் குழு சொல்ல மாதங்கள் ஆயின. வதந்தி அதுவரை காத்திருக்கவில்லை.

ஆகஸ்ட் 5 முதல், கேரளாவில் இருந்து தமிழகத்துக்குள் வர கொரோனா இல்லை என்ற சான்றோ, ரெண்டு டோஸ் சான்றிதழோ வேண்டும் என்று உத்தரவு வந்தது. மாநில எல்லையைத் தாண்டிப் பிழைக்கிறவர்களுக்கு, ஊசி என்பது பயணச் சீட்டாகவும் ஆனது.

செப்டம்பர் 12 அன்று மாநிலம் முழுக்க முதல் மெகா முகாம். இலக்கு 20 லட்சம் பேர். போட்டுக்கொண்டவர்கள் 28 லட்சத்துக்கும் மேல். அன்று ஞாயிற்றுக்கிழமை. ஏப்ரலில் தயங்கிய மாநிலம்தான், வீட்டுக்குப் பக்கத்திலேயே லீவு நாளில் முகாம் வந்ததும் வரிசையில் நின்றது.

அப்போ பயம் என்பதே இல்லையா?

இருக்கிறது. தட்டம்மையைத் தென் மாவட்டங்களில் மணல்வாரி என்பார்கள். அம்மை என்றால் வேப்பிலை வைத்து, விரதம் இருந்து, 'அம்மா' தானாக இறங்கும் வரை காத்திருப்பது பழைய வழக்கம். ஆனால், 2017இல் தட்டம்மை-ரூபெல்லா சிறப்பு முகாம் நடந்தபோது தடை போட்டது வேப்பிலை அல்ல, வாட்ஸ்அப். பக்கவிளைவு என்று பரவிய மெசேஜ்களைப் பார்த்து, படித்த நகரத்துப் பெற்றோரே பள்ளியில் ஊசி வேண்டாம் என்றார்கள். அரசு முகாமை நீட்டிக்க வேண்டியிருந்தது.

படித்தவர் தயங்கினால் 'சந்தேகம்'. கூலித் தொழிலாளி வராவிட்டால் 'விழிப்புணர்வு இல்லை' என்று எழுதிவிடுகிறோம். அவர் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் வராமல் இருக்கிறார் என்பது பதிவாவதே இல்லை.

அடுத்த சோதனை: ஹெச்.பி.வி.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஹெச்.பி.வி. தடுப்பூசியை 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்குப் படிப்படியாகப் போட, 2025-26 தமிழக பட்ஜெட்டில் 36 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது. சீரம் நிறுவனத்தின் செர்வாவேக் 2023இல் சந்தைக்கு வந்தபோது விலை 2,000 ரூபாய். 336 ரூபாய் கூலிக்கு அது ஆறு நாள் வேலை. அரசே தந்தால்தான் மலையடிவாரத்துக்கு எட்டும்.

இங்கே நம்பிக்கை இன்னும் முக்கியம். 2010இல் ஆந்திராவின் கம்மம் பகுதியிலும் குஜராத்திலும் நடந்த ஹெச்.பி.வி. திட்டம், ஏழு சிறுமிகள் இறந்ததையடுத்து நிறுத்தப்பட்டது. மரணங்களுக்கு ஊசி காரணம் என்று விசாரணையில் தெரியவரவில்லை. ஆனால், பெற்றோரிடம் முறையாகச் சம்மதம் வாங்காதது அம்பலமானது. கேட்டுப் போட வேண்டியதைக் கேட்காமல் போட்டால், நல்ல மருந்தும் கெட்ட பெயர் வாங்கும்.

சரி, இப்போ என்ன செய்யலாம்?

* டோஸ் தவறிவிட்டதா? முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டாம். விட்ட இடத்தில் தொடரலாம். தட்டம்மை-ரூபெல்லா ஊசியை 5 வயது வரை அரசு மையத்தில் போடலாம்.
* இடுக்கி பக்கம் தங்கி வேலை செய்கிறவர்கள் அங்குள்ள அரசு மையத்திலேயே போடலாம். ஊசி அட்டையைக் கையோடு எடுத்துப்போக வேண்டும். யூ-வின் தளத்தில் பதிந்தால் எந்த ஊரிலும் தொடரலாம்.
* காய்ச்சல் வந்தால் எவ்வளவு மருந்து கொடுக்க வேண்டும் என்பதை ஊசி போடும் அன்றே நர்ஸிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.
* உங்கள் வீட்டிலோ சொந்தத்திலோ ஏலத்தோட்டம் இருக்கிறதா? குழந்தைக்கு ஊசி என்று லீவு கேட்பவருக்கு அன்றைய கூலியைப் பிடிக்காமல் கொடுங்கள்.

அரசு செய்ய வேண்டியது, 2021இல் அரசே செய்து காட்டியதுதான்: சாயங்காலம் ஜீப் வந்து நிற்கும் இடத்தில், அல்லது ஞாயிற்றுக்கிழமையில், ஒரு மேஜையும் ஐஸ் பெட்டியும் ஒரு நர்ஸும்.